நெகடிவ் எங்கே போயிற்று?

கைபேசிச் செயலியில் தம் முகத்தை மெருகேற்றிக்கொள்ளும் இளைஞர்களைப் பார்த்து, "இது உண்மையான படந்தானா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பது வழக்கமாகிவிட்டது. கேள்வி நியாயமானதே. ஆனால் அக்கேள்வி கைபேசியோடு பிறந்ததன்று. புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டுப் பதினாறு, பதினேழு ஆண்டுகளுக்குள்ளாகவே ஐரோப்பாவில் அது எழுந்துவிட்டது. "இது உண்மையா?" என்பதைக் காட்டிலும் நாம் இன்று கேட்கவேண்டியவை வேறு இரண்டு கேள்விகள் என்பது என் எண்ணம். திருத்துவதற்கு முன்னிருந்த படம் எங்கே? திருத்தியபின் அதைக் காத்து வைத்திருப்பவர் யார்? இவ்விரண்டையும் மனத்தில் கொண்டு, படத்திருத்தத்தின் வரலாற்றையும் ஆல்பத்தின் வரலாற்றையும் சேர்த்தே பார்ப்போம். தனித்தனி ஆறுகளாகத் தொடங்கிய இவை நம் காலத்தில் ஒரே செயலிக்குள் வந்து கலந்திருக்கின்றன.

1839ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பாரிஸ் நகரில் விளக்கிக் காட்டப்பட்ட தாகேரின் முறையில் நெகடிவ் என்ற ஒன்றே கிடையாது. வெள்ளிப்பூச்சுடைய செப்புத்தகட்டில் உருவம் நேரடியாகப் பதியும். தகடு ஒன்று, படமும் ஒன்று. படியெடுக்க வழியில்லை. இங்கிலாந்தில் டால்பட் 1841இல் காப்புரிமை பெற்ற முறை வேறு. அவர் காகிதத்தில் ஒளியும் நிழலும் தலைகீழான உருவத்தைப் பதித்தார். அதிலிருந்து வேண்டிய அளவு படிகள் எடுக்கலாம். தமிழ் படித்த எனக்கு இந்த வேறுபாடு உடனே விளங்கிவிடுகிறது. தாகேரின் தகடு கல்வெட்டைப் போன்றது. டால்பட்டின் நெகடிவோ ஏட்டுச்சுவடியைப் போல மூலம் என்றும் படி என்றும் இரண்டைப் படைத்துவிட்டது. மூலம், படி என்ற பிரிவு வந்தவுடனேயே, படியெடுப்பவர் கைவைப்பதற்கும் இடம் வந்துவிட்டது.

மூனிக் நகரத்து ஃப்ரான்ஸ் ஹான்ஃப்ஸ்டேங்கல், ஒரே உருவப்படத்தின் திருத்திய வடிவையும் திருத்தாத வடிவையும் 1855ஆம் ஆண்டுப் பாரிஸ் பொருட்காட்சியில் அருகருகே வைத்து மக்களை வியக்கவைத்தார் என்று புகைப்பட வரலாற்று நூல்கள் கூறும். அவர் கைவைத்தது அச்சிட்ட படத்தின் மீதன்று, நெகடிவின் மீதே. கூர்சீவிய பென்சிலால் நெகடிவில் மென்புள்ளிகள் இட்டால், அச்சில் அவ்விடம் வெளுக்கும். கண்ணுக்குக் கீழுள்ள கருமை, கன்னத்துத் தழும்பு, நெற்றிச் சுருக்கம் ஆகிய எல்லாம் இவ்வாறு மறையும். கருமை கூட வேண்டிய இடத்தில் நுண்ணிய கத்தியால் நெகடிவின் பூச்சைச் சுரண்டுவர். இக்காலச் செயலிகள் முகத்தில் செய்வனவற்றின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். பெயர்கள் மாறியிருக்குமேயன்றிச் செயல் ஏறத்தாழ இதுதான்.

இவ்வரலாற்றில் தமிழகத்துக்கும் ஓர் இடமுண்டு. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1856இல் அமர்த்தப்பட்ட கேப்டன் லின்னேயஸ் ட்ரைப், 1857ஆம் ஆண்டின் இறுதியிலும் 1858இன் தொடக்கத்திலும் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய ஊர்களில் பெரிய காகித நெகடிவ்களில் படங்கள் எடுத்தார். மதுரைத் தெப்பக்குளத்தையும் திருமலை நாயக்கர் மகாலையும் அவர் படங்களில் கண்டவர்கள் அவற்றின் அமைதியை மறக்கமாட்டார்கள். அக்காலத்து நெகடிவ் நீல ஒளியை மிகையாகப் பற்றிக்கொள்வது. அதனால் வானம் அச்சில் ஒன்றுமில்லாத வெண்பரப்பாகவே வரும். ட்ரைப் என்ன செய்தார்? மெழுகேற்றிய நெகடிவின் மீதே வண்ணம் தீட்டி மேகங்களை வரைந்தார். தெளிவின்றி விழுந்த மரங்களின் இலைத்தொகுதிகளையும் சீர்செய்தார். இராசராசன் கோயிலைப் பார்க்கும் நாம் அவர் படத்தில் காண்கின்ற மேகம் அன்று தஞ்சை வானில் இருந்ததில்லை.

அதே ட்ரைப்தான் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாகப் படமெடுத்து, 21 அச்சுகளை ஒட்டி, 19 அடிக்கும் மேல் நீளமுள்ள ஒரு சுருளாக ஆக்கியவர். கைபேசியை இடமிருந்து வலமாக நகர்த்தினால் செயலி தானே ஒட்டித்தரும் 'பனோரமா' படத்தின் முன்னோடி இது எனலாம். தஞ்சைக் கல்வெட்டுகளை ஹூல்ஷ் பதிப்பித்து வெளியிடத் தொடங்கியது 1890களில். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே, அவற்றைப் படிக்கத் தெரியாத ஒருவர் எழுத்து எழுத்தாகப் பதிந்து வைத்துவிட்டார். மேகத்தை இட்டுக்கட்டிய கையே கல்வெட்டை மாசின்றிக் காத்தது. 'திருத்தம் என்றாலே பொய்' என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு இவரைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

எங்கே திருத்தினார், எங்கே திருத்தவில்லை என்று இன்று நம்மால் சொல்ல முடிவதன் காரணம் எளியது. நெகடிவ்கள் கிடைத்திருக்கின்றன. தூரிகையின் தடம் அவற்றில் அப்படியே இருக்கிறது.

ஆல்பத்தின் கதைக்கு வருவோம். பாரிசில் 1854இல் டிஸ்டேரி என்பவர், ஒரே கண்ணாடித்தகட்டில் எட்டுப் படங்கள் வரை எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அவற்றை வெட்டி, முகவரிச் சீட்டின் அளவுள்ள அட்டைகளில் ஒட்டிக் கொடுத்தார். படத்தின் விலை சரிந்தது; நண்பர்களும் உறவினரும் ஒருவருக்கொருவர் படங்களைக் கொடுத்து வாங்கத் தொடங்கினர். 1860இல் மேயால் என்பவர் விக்டோரியா அரசியின் குடும்பப் படங்களைத் தொகுத்து விற்பனைக்கு விட்டார். அதன்பின் இப்பழக்கம் ஒரு பித்தாகவே ஆயிற்று. இந்த அட்டைகளைச் செருகி வைப்பதற்கென்றே, துளைகள் வெட்டிய தடித்த பக்கங்களோடு தோலட்டை ஆல்பங்கள் வந்தன. அரசியின் படத்துக்குப் பக்கத்தில் அத்தையின் படம். எதிர்ப்பக்கத்தில் ஒரு நாடக நடிகை. யாரை எந்தப் பக்கத்தில் வைப்பது என்பதில் வீட்டுக்குள் அரசியல் இல்லாமல் இருந்திருக்குமா? விருந்தினர் வந்தால் ஆல்பம் கூடத்துக்கு வரும், போனபின் அலமாரிக்குத் திரும்பும். படத்தைப் பகிர்வது என்பது அந்த ஆல்பம் இருக்கும் வீட்டுக்கு ஒருவர் வருவதாக இருந்தது.

இந்த ஏற்பாடு நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது. ரோச்செஸ்டர் நகரத்து ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888இல் கோடக் கேமராவை 25 டாலருக்கு விற்றார். நூறு படங்களுக்கான சுருள் உள்ளேயே இருக்கும். எடுத்து முடித்ததும் கேமராவையே தொழிற்சாலைக்கு அஞ்சலில் அனுப்பிவிட வேண்டும்; 10 டாலருக்குப் படங்களைக் கழுவி அச்சிட்டு, புதுச் சுருளும் இட்டுத் திருப்பி அனுப்புவார்கள். பொத்தானை அழுத்துவது மட்டுமே உங்கள் பொறுப்பு, மற்றவை எங்கள் பொறுப்பு என்பதுதான் விளம்பரத்தின் சாரம். 1900இல் ஒரு டாலர் விலையில் பிரவுனி வந்தது. படம் எடுப்பவர் ஒருவர், அதை உருவாக்குபவர் வேறொருவர் என்ற பிரிவினை இங்குதான் வேரூன்றியது. பின்னாளில் செயலிகள் கைக்கொண்ட வணிக முறைக்கு இதுவே வித்து. ஆயினும் ஒன்றை நாம் மறக்கலாகாது. தொழிற்சாலை படங்களோடு நெகடிவ்களையும் உரியவரிடமே திருப்பித் தந்தது.

நம் ஊர் ஸ்டூடியோக்களிலும் இதே ஒழுங்குதான். 'டச்சிங்' செய்பவர் என்றே தனி ஆள் இருப்பார். சாய்வுமேசையில் நெகடிவை வைத்து, பின்னாலிருந்து ஒளி வரச்செய்து, உருப்பெருக்கியின் வழியே மணிக்கணக்காகப் புள்ளியிடுவார். பெண் பார்க்க அனுப்பும் படமென்றால் அவர் வேலை இரட்டிப்பாகும். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு எண்ணெய் வண்ணம் தீட்டிச் சேலைக்குச் சிவப்பும் சரிகைக்குப் பொன்னிறமும் ஏற்றுவதுண்டு. எவ்வளவு திருத்தினாலும் அந்த நெகடிவுக்கு ஓர் எண் உண்டு. உறையின் மீது அதை எழுதித் தருவார்கள். பத்தாண்டு கழித்து அந்த எண்ணோடு போனால் இன்னொரு படி கிடைக்கும். கடை மூடிப்போனாலும் வீட்டு ஆல்பத்தில் அச்சு இருக்கும். வீட்டில் தொலைந்தால் கடையில் நெகடிவ் இருக்கும். இரண்டும் ஒருங்கே அழிவது அரிது.

எண்ணியல் காலம் இந்த ஏற்பாட்டை ஓசையின்றிக் கலைத்தது. அதன் தொடக்கம் கோடக் நிறுவனத்துக்குள்ளேயே நிகழ்ந்தது என்பது வரலாற்றின் குறும்பு. ஸ்டீவன் சாசன் என்ற இளம் பொறியாளர் 1975 டிசம்பரில் அங்கு உருவாக்கிய கருவி 100 × 100 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்தது. ஒரு படத்தை ஒலிநாடா கேசட்டில் பதிய அதற்கு 23 நொடிகள் ஆயின. படத்தைத் தொலைக்காட்சித் திரையில் பார்க்கவேண்டும். படச்சுருள் விற்றே வாழ்ந்த நிறுவனம் இதைக் கண்டு மகிழ்ந்திருக்கும் என்று எதிர்பார்ப்பது பேதைமை.

திருத்தமும் கணினிக்குள் புகுந்தது. நேஷனல் ஜியாகிரஃபிக் இதழ் 1982 பிப்ரவரி அட்டைக்காக, அகலவாக்கில் எடுத்த கீசாவின் பிரமிடுகளை நெடுக்குவாக்கில் அடக்குவதற்கு ஒன்றையொன்று நெருங்கச் செய்தது, கண்டனம் எழுந்தது. அப்போது அதற்கு வேண்டிய கருவிகள் பெருநிறுவனங்கள் மட்டுமே வாங்கக்கூடியவை. அந்த நிலையை மாற்றியவர்கள் இரு சகோதரர்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவந்த தாமஸ் நோல், 1987இல் தம் மெக்கின்டாஷ் கணினியில் சாம்பல்நிறப் படங்களைக் காட்டுவதற்கென ஒரு நிரல் எழுதினார். திரைப்படத் தந்திரக் காட்சிகள் செய்யும் நிறுவனத்திலிருந்த தம்பி ஜான் நோல் அதன் பயனை உணர்ந்தார். அது வளர்ந்து 1990 பிப்ரவரியில் அடோபி நிறுவனத்தின் 'ஃபோட்டோஷாப்' ஆக வெளிவந்தது. அதைச் செய்து காட்டுவதற்கு ஜான் எடுத்துச்சென்ற படம், பின்னாளில் தம் மனைவியான ஜெனிஃபர் போரா போரா தீவின் கடற்கரையில் முதுகைக் காட்டி அமர்ந்திருக்கும் ஒரு விடுமுறைப் படம். வெட்டியும் ஒட்டியும் உலகம் பழகிய முதற்படம் ஒரு குடும்ப ஆல்பப் படமே.

எண்ணியல் படத்தில் மூலத்துக்கும் படிக்கும் வேறுபாடில்லை. கோப்பைத் திறக்கிறோம், திருத்துகிறோம், அதே பெயரில் சேமிக்கிறோம், பழையது போய்விடுகிறது. ஹான்ஃப்ஸ்டேங்கலின் பென்சில் தடத்தைப் பின்னாளில் எவரேனும் கண்டுபிடிக்கலாம். இங்கே தடம் என்று எதுவும் மிஞ்சுவதில்லை. சுவடி பதிப்பித்தவர்கள் பாடபேதம் காட்டும்போது மாற்றுப்பாடம் அடிக்குறிப்பிலாவது உயிரோடிருக்கும். பழைய ஏட்டைச் சுரண்டி அதன்மேலேயே புதுப்பாடம் எழுதும் ஒருவரை உ.வே. சாமிநாதையர் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்?

பகிர்வின் பக்கம் வேகமாகவே பார்த்துவிடலாம். கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் நகரில் 1997 ஜூன் 11 அன்று, மகப்பேற்று மருத்துவமனையில் காத்திருந்த ஃபிலிப் கான், எண்ணியல் கேமராவையும் கைபேசியையும் மடிக்கணினியையும் கம்பிகளால் இணைத்து, பிறந்த மகளின் படத்தை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு அனுப்பினார். ஜப்பானில் 2000ஆம் ஆண்டு ஜே-ஃபோன் நிறுவனத்துக்காக ஷார்ப் செய்த கைபேசி, படம் எடுப்பதையும் அனுப்புவதையும் ஒரே கையடக்கத்துக்குள் கொண்டுவந்தது. ஆல்பம் இருக்கும் வீட்டுக்கு விருந்தினர் போன காலம் முடிந்து, ஆல்பமே விருந்தினர் வீட்டுக்குப் போகும் காலம் பிறந்தது.

அந்த ஆல்பங்களை வைத்திருந்தவர்கள் யார்? 1999இல் தொடங்கிய ஓஃபோட்டோ என்ற தளத்தைக் கோடக் 2001இல் வாங்கிற்று. வான்கூவர் நகரில் ஒரு இணைய விளையாட்டைப் படைக்க முயன்றவர்கள், விளையாட்டு கைகூடாமல், அதன் ஓரத்திலிருந்த படப்பகிர்வு வசதியை 2004இல் 'ஃப்ளிக்கர்' என்று வெளியிட்டனர். மறு ஆண்டே யாகூ அதை வாங்கியது. இந்தியரும் பிரேசிலியரும் கொண்டாடிய ஆர்குட் தளமும் 2004இல் தோன்றியதே. அதே ஆண்டில் பிகாசா என்ற மென்பொருளைக் கூகுள் வாங்கி எல்லோருக்கும் இலவசமாக்கிற்று. ஃபேஸ்புக் 2005இல் படங்களுக்கு இடம் தந்து, படத்திலிருப்பவர் பெயரைக் குறிக்கும் வழக்கத்தையும் புகுத்தியது. எல்லாம் இலவசம் அல்லது இலவசத்தை ஒட்டியது. பரணில் இடமில்லாத வீடுகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆப்பிள் 2008 ஜூலையில் தன் செயலி அங்காடியைத் திறந்தபின் திருத்தமும் பகிர்வும் ஒன்றாயின. 2009 டிசம்பரில் வந்த ஹிப்ஸ்டாமாட்டிக் மலிவான பழைய பிளாஸ்டிக் கேமராக்களின் குறைகளைப் போலிசெய்து காட்டியது. அடுத்த ஆண்டு அக்டோபர் 6 அன்று கெவின் சிஸ்ட்ரம், மைக் க்ரீகர் இருவரும் இன்ஸ்டாகிராமை வெளியிட்டனர். முதல் நாளிலேயே இருபத்தையாயிரம் பேர் சேர்ந்தனர். இதன் வெற்றிக்குக் காரணமான 'ஃபில்டர்' என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. எண்ணியல் படத்தின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. ஃபில்டர் என்பது பெரும்பாலும் ஒரு வாய்பாடு. சிவப்பு இவ்வளவு இருந்தால் இவ்வளவாக மாற்று, நீலம் குறைந்த இடத்தில் சற்றுக் கூட்டு, ஓரங்களைக் கருக்கு என்ற கட்டளைகளின் தொகுப்பு. டச்சிங்காரர் முகத்தைப் பார்த்து முடிவு செய்தார். வாய்பாடு யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை.

அந்த வாய்பாடுகள் எதை நாடின என்பது இன்னும் சுவையானது. எக்ஸ்-ப்ரோ என்ற புகழ்பெற்ற ஃபில்டரின் பெயர், ஒருவகைப் படச்சுருளை வேறொரு வகைக்குரிய இரசாயனத்தில் கழுவும் முறையைக் குறிப்பது. அவ்வாறு கழுவினால் நிறங்கள் பிறழ்ந்து, கருமை மிகுந்து வரும். இருட்டறையில் நேர்ந்தால் வாடிக்கையாளர் பணம் தரமறுக்கும் பிழை அது. முந்தைய தலைமுறை குறைகளை நீக்கப் பென்சில் பிடித்தது. இத்தலைமுறை குறைகளை ஏற்றிக்கொள்ள விரல் வைத்தது. நேற்று எடுத்த படத்துக்கு 1970களின் மங்கலை ஏற்றினால், அந்நிகழ்ச்சி அப்போதே நினைவாகிவிடுகிறது. காலம் தரவேண்டியதைக் காலத்துக்குக் காத்திராமல் எடுத்துக்கொள்வதில் ஓர் அவசரம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. மாணவர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள்.

2012ஆம் ஆண்டை இவ்வரலாற்றின் திருப்புமுனை எனலாம். ஜனவரி 19 அன்று கோடக் திவால் பாதுகாப்புக் கோரியது. ஏப்ரலில் ஃபேஸ்புக், பதின்மூன்றே பேர் பணியாற்றிய இன்ஸ்டாகிராமை 100 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. ஜூலை 2 அன்று கோடக்கின் இணைய ஆல்பத்தளம் மூடப்பட்டது. அதில் கணக்கு வைத்திருந்தோர் ஏழரைக் கோடிக்கும் மேற்பட்டோர். அத்தளத்தை ஷட்டர்ஃப்ளை என்ற போட்டி நிறுவனம் 2 கோடியே 38 லட்சம் டாலருக்கு வாங்கியிருந்தது. செப்டம்பரில், விரலால் இழுத்தே ஒளியையும் நிறத்தையும் கூட்டிக்குறைக்கும் ஸ்னாப்சீட் செயலியை உருவாக்கிய நிறுவனத்தைக் கூகுள் வாங்கியது. நூறாண்டுக்கு மேல் நெகடிவைத் திருப்பித் தந்த நிறுவனம் வீழ்ந்த ஆண்டிலேயே, அதைத் திருப்பித்தர வேண்டிய கட்டாயமே இல்லாத நிறுவனங்கள் ஆல்பத்துக்கு உரியவையாயின.

பிறகு நடந்தவை ஒரு நீண்ட இழப்புப் பட்டியல். ஆர்குட் 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. படங்களை இறக்கிக்கொள்ள 2016 வரை தவணை கிடைத்தது. பிகாசாவைக் கூகுள் 2016இல் நிறுத்தியது. ஃபோட்டோபக்கெட் 2017இல் பிற தளங்களில் படம் காட்டுவதற்கு ஆண்டுக்கு 399 டாலர் கேட்டது. தராதவர் படங்களின் இடத்தில் வெறும் அறிவிப்புப் பலகை தோன்றியது. ஃப்ளிக்கரை 2018இல் வாங்கிய ஸ்மக்மக், இலவசக் கணக்கில் ஆயிரம் படங்களே தங்கலாம், மிகுதி பழையதிலிருந்து தொடங்கி நீக்கப்படும் என்றது. பழையதிலிருந்து! ஆல்பம் என்ற சொல்லின் பொருளுக்கு இதைவிட எதிரான விதியை எண்ணிப்பார்க்க இயலவில்லை. எங்கள் துறையின் முதுகலை அணி ஒன்று, தம் ஈராண்டுப் படங்களையெல்லாம் ஓர் இலவசத் தளத்தில் ஏற்றிவைத்திருந்தது. மூடும் அறிவிப்பு, அவர்களுள் எவரும் அப்போது பயன்படுத்தாத மின்னஞ்சல் முகவரிக்குப் போயிற்று. இன்று அவ்வணியினரின் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். பெற்றோரின் கல்லூரிக்காலத்தைக் காட்ட ஒரு குழுப்படம், அதுவும் துறைச்சுவரில் மாட்டிய அச்சு, மட்டுமே உண்டு.

அரசும் ஒரே நாளில் செயலிகளை அப்புறப்படுத்த முடியும் என்பதை இந்தியர் 2020 ஜூன் 29 அன்று கண்டனர். அன்று தடைசெய்யப்பட்ட 59 சீனச் செயலிகளில் மெய்ட்டு, பியூட்டி பிளஸ், ஸ்வீட் செல்ஃபி முதலியவையும் அடக்கம். நாட்டின் பாதுகாப்பு பற்றிய அம்முடிவின் சரிதவறு இங்கு நம் பொருளன்று. முகத்தை வெளுப்பாக்குவதைப் பெருந்தொழிலாக்கிய செயலிகள் போனதற்கு நான் வருந்தவுமில்லை. வெளுப்பாக்கும் ஆசை வேறு செயலிகளுக்குக் குடிபெயர்ந்ததே அல்லாமல் போகவில்லை.

இழப்பைவிடக் கவனிக்கப்படாதது தேய்மானம். கூகுள் ஃபோட்டோஸ் 2015 மே மாதம் வந்தபோது எல்லையற்ற இடம் இலவசம் என்றது. ஆனால் இலவசமாகத் தங்கியது சுருக்கப்பட்ட படி. 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்டவை அந்த அளவுக்குக் குறைக்கப்பட்டன. படி பத்திரமாகப் போய்ச்சேர்ந்ததும், கைபேசியில் இடத்தை விடுவிக்கலாமா என்று செயலி பணிவோடு கேட்கும். 'சரி' என்றால் கைபேசியிலிருக்கும் மூலம் நீங்கும். நெகடிவை எரித்துவிட்டு அச்சை மட்டும் வைத்துக்கொள்ளச் சம்மதமா என்று எந்த ஸ்டூடியோவும் கேட்டதில்லை. 2020 நவம்பரில் அந்நிறுவனம் தன்னிடம் நான்கு லட்சம் கோடிக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன, வாரந்தோறும் 2,800 கோடி சேர்கின்றன என்று கூறி, 2021 ஜூன் 1 முதல் இலவச எல்லையை 15 ஜிகாபைட்டுக்குள் அடக்கியது. ஈராண்டுகள் பயன்படுத்தப்படாத கணக்குகளை அழிக்கும் விதி 2023 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. இறந்தவரின் கணக்கும் பயன்படுத்தப்படாத கணக்கே என்பதை ஒவ்வொரு குடும்பமும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

நம் குடும்பங்களில் உண்மையான ஆல்பம் இவை எதுவுமன்று, வாட்ஸ்அப் குழுதான். அங்கே நிகழ்வது இன்னும் நுட்பமான தேய்வு. ஒவ்வொரு எண்ணியல் படத்துக்குள்ளும் எடுத்த நாள், நேரம், கருவி, சில வேளைகளில் இடம் ஆகியவற்றைக் கேமரா எழுதி வைக்கும். 'எக்ஸிஃப்' என்ற இந்தக் குறிப்புமுறை 1995இல் ஜப்பானியத் தொழிற்கூட்டமைப்பு வகுத்தது. சுவடியின் இறுதியில், எழுதியவர் பெயரும் ஆண்டும் திங்களும் நாளும் சொல்லும் குறிப்பைப் போன்றது. பல சுவடிகளின் காலத்தை நாம் அறிவதே அக்குறிப்பால்தான். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது, கோப்பு சுருங்குவதோடு இக்குறிப்பும் கழன்றுவிடும். முகவரியை அயலார் அறியாமலிருக்க அது நல்லதே என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சித்தப்பா மகனின் காதணி விழாப் படம் ஐந்து குழுக்களைக் கடந்து நம்மிடம் வரும்போது, அது எந்த ஆண்டு, எந்த ஊர் என்பதற்குப் படத்துக்குள் சான்று ஏதுமில்லை. அட்டையின் பின்புறத்தில் ஸ்டூடியோ முத்திரையும் தாத்தாவின் கையெழுத்தில் தேதியும் இருந்த காலத்துப் படம் இவ்வகையில் அதிகம் பேசுகிறது.

கூகுள் 2023இல் தன் பிக்சல் கைபேசியில் ஒரு வசதியைத் தந்தது. அடுத்தடுத்து எடுத்த பல குழுப்படங்களிலிருந்து ஒவ்வொருவரும் நன்றாக விழுந்த முகத்தைத் தேர்ந்து, ஒரே படமாக்கித் தரும். எல்லோரும் ஒருசேரச் சிரிக்கும் அந்த நொடி என்றுமே நிகழ்ந்ததன்று. ரைலாண்டர் 1857இல் முப்பதுக்கும் மேற்பட்ட நெகடிவ்களை இணைத்து ஒரே காட்சியாக்கினார். மறு ஆண்டு ராபின்சன், மரணப்படுக்கையிலிருக்கும் ஒரு பெண்ணின் படத்தை ஐந்து நெகடிவ்களிலிருந்து உருவாக்கினார். அக்காலத்திலும் சினந்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் கேட்டபோது ராபின்சனால் ஐந்து நெகடிவ் என்று சொல்ல முடிந்தது.

மூலத்தைக் காப்பது எண்ணியல் உலகில் இயலாத காரியமும் அன்று. ஸ்னாப்சீட் 2015க்குப் பின் திருத்தங்களை அடுக்கடுக்காக வைத்து, எந்தப் படிக்கும் திரும்பிச் சென்று மாற்ற இடம் தந்தது. கூகுள் ஃபோட்டோஸிலும் திருத்தத்தை நீக்கி மூலத்துக்குத் திரும்பும் வழியுண்டு. எனினும் இவ்வகையில் என் மதிப்பைப் பெற்றது மறைந்துபோன பிகாசாவே. அதில் படத்தைத் திருத்தினால் படக்கோப்பு மாறாது. என்னென்ன திருத்தம் என்பதை, அதே கோப்புறையில் ஒரு சிறு எழுத்துக்கோப்பில் வரிசையாக எழுதி வைக்கும். இன்ன அளவு வெட்டு, இன்ன அளவு ஒளி என்று பதிப்பாசிரியரின் அடிக்குறிப்புப் போல இருக்கும். 'சேமி' என்று கட்டளையிட்டாலோ, மூலப்படத்தை ஒரு மறைகோப்புறைக்கு நகர்த்திவிட்டே திருத்திய வடிவை அதனிடத்தில் வைக்கும். மென்பொருள் நின்று பத்தாண்டு ஆகப்போகிறதோ ஆகிவிட்டதோ, அது பற்றிக் கவலையில்லை. பழைய கணினியின் வன்தட்டு வீட்டில் இருந்தால், மறைந்த கோப்புகளைக் காட்டும்படி அமைத்துக்கொண்டு, படங்களிருந்த கோப்புறைக்குள் 'பிகாசா ஒரிஜினல்ஸ்' என்ற பெயருடைய ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். கண் சிவக்காமலும் ஓரம் வெட்டப்படாமலும் நாம் பார்த்துப் பழகிய படங்களின் நெகடிவ்கள் அதற்குள் இருக்கும். வெட்டி நீக்கிய ஓரத்தில் யார் நின்றுகொண்டிருந்தார் என்பதும் தெரியும்.